நல்ல மனுஷன்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த கண்டக்டருக்குப் பகீரென்றது. ஹால் நிறையப் பக்கத்து வீட்டுப் பெண்கள். நடுவில் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தங்கமான மனுஷன். பெண்டாட்டியை ஒரு நாள் கடிஞ்சு பேசியிருப்பாரா?" என்று மூக்கைச் சிந்தினாள் தையல்காரம்மா.

"அவளுக்குத் தலைவலின்னா சமையல் முழுக்க அவர்தானே!" என்று விம்மினாள் மாடிவீட்டு டீச்சர்.

நெஞ்சுவலிக்காரரான மாமனார்தான் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் கண்டக்டர். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பம்மா ஆச்சு? உடனே ஊருக்குக் கிளம்பலாமா?" என்றார்.

"ஊருக்கா? எதுக்கு?"

"உங்கப்பா..."

"ஐயோ, அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கார்! நான் நெட்ல எழுதுற தொடர்கதையில இன்னைக்கு ஹீரோவைக் கொன்னுட்டேங்க. அதுக்குத்தான் எல்லாரும் படையெடுத்து வந்திருக்காங்க."

கண்டக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

"இல்லாத ஆளுக்கா இவ்வளவு ஒப்பாரி?"

தையல்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இல்லையேன்னுதாண்ணே அழறோம்!"