இடக்காதுப் பக்க வெட்டு

மார்ச் 14, செவ்வாய், காலை பத்தே கால்: ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் நுண்ணோக்கியின் விளக்கு எரிகிறது. கண்ணாடித் தகட்டில் எலியின் மூளைத்தண்டுச் சீவல். உடல் சாயாமல் காக்கும் நரம்புச் செல்கள் அதில் சாயம் ஏறிக் கருத்திருக்கின்றன. அவை எந்தப் பக்கம் என்பதற்கு அடையாளம், சீவலின் ஓரத்திலுள்ள சிறு வெட்டு. தான் முன்பு வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் வழக்கப்படி, ஆய்வாளரான அவள் அதை வலப்பக்கம் என்றே எண்ணிவந்தாள். முடிவு பொருந்தாதபோது, மூளையைச் சீவித் தரும் அக்கா சீவலைப் புரட்டி ஒட்டிவிட்டதாக ஆய்வுக்குழுக் கூட்டத்தில் சொன்னாள். அக்காவை அன்றே கண்ணாடிக் குடுவைகள் கழுவ அனுப்பிவிட்டார்கள். இப்போது சீவல் பெட்டி மூடியின் உள்பக்கம் அக்காவின் உருண்டைக் கையெழுத்து தெரிகிறது: 'வெட்டு, இடக்காதுப் பக்கம்.' ஆய்வாளரின் காதுமடல் சுடுகிறது. அறையின் மூலையில் அக்கா குடுவை கழுவும் தொட்டியில் தண்ணீர் சலசலக்கிறது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"தப்பு என்னோடதுக்கா. நான்தான் மாத்திப் பாத்துட்டேன்."

அக்கா குழாயை மூடுகிறார். "என்கிட்ட எதுக்கு ரகசியமா சொல்ற? அன்னைக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான சொன்ன?"

மூன்று மணிக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, தப்பு தன்னுடையது என்று சொல்கிறாள். அக்கா உட்கார்ந்திருந்த சீவும் கருவிக்கு ஏற்கெனவே வேறு ஆளைச் சேர்த்தாயிற்று.