சத்தம் போன கேசட்

பொழியூரில் படகுத்துறையை ஒட்டியிருந்த தெருவைக் கடல் கொண்டுபோன பிறகு, பேண்ட் வாசித்துக்கொண்டிருந்த ராபின்சன் கிளாரினெட்டைத் தொடவேயில்லை. மூன்று வருடமாக அது புதுக் குடியிருப்பில் கட்டிலுக்கடியில் கிடந்தது.

மகள் ஜோஸ்னா எங்கிருந்தோ ஒரு பழைய கல்யாண வீடியோவைத் தேடிப் பிடித்து, குடியிருப்பு ஹாலில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். திரையில் அந்தத் தெரு, அந்த வீடுகள், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் இளவயது ராபின்சன். ஆனால் சத்தம் வரவில்லை.

"பழைய கேசட்டாக்கும் அப்பா. சத்தம் போயிட்டு."

"ராபின்சா, அண்ணைக்கு என்ன பாட்டு வாசிச்சே?" என்று கேட்டார் பக்கத்திலிருந்த சோமன்.

ராபின்சன் எழுந்து போய்க் கிளாரினெட்டோடு வந்தார். ஊர்வலம் நகர நகர வாசித்தார். சோமன் பெஞ்சில் தாளம் தட்டினார். பெண்கள் தங்கள் வீடுகளைப் பார்த்து அழுதுகொண்டே கூடச் சேர்ந்து பாடினார்கள்.

எல்லோரும் போனதும், மகளின் பையை எடுத்த ராபின்சன் உள்ளே பார்த்தார். ஸ்பீக்கரில் செருகவேண்டிய வயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜோஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த ஞாயிறும் படம் போடணும் மக்கா," என்றார் அவர். "வயரு பையிலேயே கெடக்கட்டு."