பொருத்தம்

தன் சட்டையையே மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. தையல் கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"மாப்பிள்ளை யாருன்னு சொல்லவே மாட்டேங்கிறீங்களே?" என்றார் கட்டிங் மாஸ்டர், கத்தரியைக் கீழே வைக்காமலே. "நாப்பத்தாறு வயசுல இப்படி இளைச்சா ஊரு என்ன நினைக்கும்?"

"ஊருக்கு வேற வேலை இல்ல, நினைச்சுக்கட்டும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ரெண்டு மணி நேரம் வெளிய போயிட்டு வர்றேன் மாஸ்டர்."

"பொருத்தம் பாக்கவா?"

"ஆமா," என்றாள். அது பொய் இல்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் தம்பியின் கல்லீரல் கைவிட்டுவிட்டது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஊரில் மனைவி மக்களோடு இருப்பவன். சொந்தத்தில் யாராவது ஈரலில் பாதியைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

"உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா அண்ணி?" என்று தம்பி மனைவி போனில் அழுதாள்.

அப்பா அம்மா போனபிறகு அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, சாப்பிட்டாயா என்றுகூட. கேட்டது இது ஒன்றைத்தான். அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள்.

ரத்தம் பொருந்தியது. ஸ்கேன்தான் காலை வாரிவிட்டது.

"உங்களுக்கே ஃபேட்டி லிவர் இருக்கும்மா. இவ்வளவு கொழுப்பு படிஞ்ச ஈரலை வெட்டி இன்னொருத்தருக்கு வைக்க முடியாது," என்றார் டாக்டர்.

"நான் ஒழுங்கா சாப்பிடறதே ஒரு வேளைதான் டாக்டர். ஒத்தை ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது?"

டாக்டர் அவளுடைய உப்பிய முகத்தைப் பார்த்தார். வெயில் கொளுத்துகிற நாளில் அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டையைப் பார்த்தார். இன்னொரு குழாய் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"தைராய்டு ரொம்பக் கம்மியா சுரக்குது," என்றார் மறுநாள். "அது உடம்போட அடுப்பு மாதிரி. மந்தமா எரிஞ்சா, கொழுப்பு செலவாகாம ஈரல்ல போய் சேர்ந்துக்கும். எல்லாருக்கும் இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரை போடுங்க, நடங்க. ஆறு மாசத்துல கரைஞ்சாலும் கரையலாம்."

"அதுவரைக்கும் தம்பி தாங்குவானா?"

"பாப்போம்மா."

அன்றிலிருந்து விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பிறகு ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பேச்சுத் துணை இல்லாத வீட்டில் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத்தான் தெரியும். அதை நடந்தே தீர்த்தாள்.

மெல்ல மெல்ல முகத்தின் உப்பல் வடிந்தது. கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போனது. நேற்று நடந்ததைவிட இன்று நாலு தெரு கூடுதல் என்று சொல்லச் சந்தோஷமாக இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

முதல் மாதம் தம்பி மனைவி தினமும் பேசினாள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு இவள் கூப்பிட்டால்தான். நோயாளியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவளை நச்சரிக்கக் கூடாது என்று இவளும் குறைத்துக்கொண்டாள். நல்ல செய்தி இல்லாமல் கூப்பிடக் கூச்சமாகவும் இருந்தது.

போன மாதம் ஒரு நாள் மனசு கேட்காமல் கூப்பிட்டபோது, "அவரு மொட்டை மாடியில இருக்காரு அண்ணி, அப்புறம் பேசச் சொல்றேன்," என்றாள் தம்பி மனைவி. அவன் பேசவில்லை. பாவம், அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று உள்ளூர் ஸ்கேன் சென்டரில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். 'உடன் வந்தவர் பெயர்' என்ற இடத்தில் பேனாவை வைத்தவள், ஒரு கோடு மட்டும் கிழித்துக் கொடுத்தாள்.

ஸ்கேனைப் பார்த்த பெண் டாக்டர் இரண்டாவது முறையும் பார்த்தார். "கொழுப்பு இருந்த இடமே தெரியலம்மா. ரத்த ரிப்போர்ட்டுல தைராய்டும் அளவுக்கு வந்துடுச்சு. இதை எடுத்துக்கிட்டு நேரா அங்க போங்க. உங்க தம்பி குடுத்து வெச்சவரு!"

வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். உடனே எடுத்து மறுபடி படித்தாள். வாசல் படியில் உட்கார்ந்து தம்பியின் நம்பரை அழுத்தினாள். இந்தத் தடவை அவனே எடுத்தான்.

"டேய், நான்தான்டா. எல்லாம் சரியாப் போச்சு. ஈரல் சுத்தமாயிடுச்சுன்னு இப்பதான் சொன்னாங்க. கடையில சொல்லிட்டு நாளைக்கே பஸ் ஏறிடறேன். ஆபரேஷனுக்குத் தேதி மட்டும் குறிக்கச் சொல்லு. நீ ஒண்ணுத்துக்கும் பயப்படாத."

மறுமுனையில் சத்தமே இல்லை. அழுகிறான் போல.

"அழாதடா. அதான் அக்கா இருக்கேன்ல?"

"அக்கா..." என்று இழுத்தான் தம்பி. "இவ உங்கிட்ட சொல்லலியா? வேற ஆளு கெடைச்சு, எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சேக்கா."