கழுத்துப் பட்டி

ஜன்னல் வழியாக வரும் காலை வெயில் தையல் மெஷின்மேல் விரித்து வைத்திருக்கும் வேதாகமத்தில் விழுகிறது. தையற்காரி இன்னும் ஊசியில் நூல் கோக்கவில்லை. வாசித்த பிறகுதான் வேலை என்பது இந்த வருடம் அவளே போட்டுக்கொண்ட சட்டம். வருடாவருடம் முதல் ஆகமமான ஆதியாகமத்தை வேகமாக முடிப்பாள். அடுத்து வரும் யாத்திராகமத்தில் வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் கொட்டாவி வரும், புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். சட்டைக்கு இஸ்திரி போடும் கணவன் எட்டிப் பார்க்கிறான்.

“என்ன மேடம், கூடாரம் வந்தாச்சா? இனி அடுத்த ஜனவரியிலதான் பார்க்கலாமா?”

“கூடாரத்தை நேத்தே தாண்டியாச்சு. இது ஆசாரியர் பூசைக்குப் போடுற அங்கி. சும்மா இருங்க.”

அவள் விரல் ஒரு வரியில் நிற்கிறது. தலை நுழையும் இடம் கிழிந்துபோகாமலிருக்க அதைச் சுற்றி நெய்த கரை வேண்டுமாம். உதடுகள் அதை மறுபடியும், மெல்லச் சொல்கின்றன. மடியில் கிடக்கும் பாதி தைத்த கவுனின் கழுத்தை மற்றொரு கை தானாகவே தடவிப் பார்க்கிறது. முன்பின் தெரியாத வீட்டில் தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதுபோல் அவள் முகம் மலர்கிறது.

“ஏங்க, கழுத்துக்குப் பட்டி வைக்கச் சொல்றாருங்க!”

“யாரு?”

“கடவுள்தான். இதைப் படிக்காமலா இத்தனை வருஷத்தை ஓட்டினேன்?”

கணவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அருகில் வந்து குனிகிறான். வாசலில் ஒரு பெண்மணி அவசரமாகக் கதவைத் தட்டுகிறாள்.

“அக்கா, என் துணி தைச்சாச்சா?”

“உள்ள வந்து உட்காருங்க, வாசிச்சிட்டு வந்துடறேன்” என்கிறாள் தையற்காரி, தலை நிமிராமல். விரல் நிதானமாக அடுத்த வரிக்கு இறங்குகிறது.