ரெபேக்காவின் நாக்கு

அந்தக் கோடையில் பகலில் வெளியே போய்ச் சாப்பிட யாருக்கும் துணிவில்லை. தணிகாசலம் ருசியைக் கடத்தும் ஒரு மின்சில்லை நாக்கில் ஒட்டிக்கொண்டு ஏசி அறையில் படுத்துவிடுவார். ரெபேக்கா என்கிற பெண் தன் நாக்கிலும் அதேபோல ஒரு சில்லோடு, சந்தா கட்டியவர்களுக்காகச் சென்னை முழுக்கச் சுற்றிச் சாப்பிடுவாள். அவள் நாக்கில் பட்ட ருசியெல்லாம் அவர் நாக்கிலும் படும்.

“என்னா நாக்குடி அவளுக்கு!” என்று அவர் சொக்கும்போதெல்லாம் மனைவி சரோஜினிக்கு வயிறு எரியும். அவள் ஆக்கிப்போட்டது தட்டிலேயே ஆறிக் கிடக்கும்.

அன்று நெத்திலியும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள். அவர் தொடவில்லை. சரோஜினி சோற்றில் குழம்பை ஊற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு, ரெபேக்கா அன்றைக்குச் சாப்பிடுவதாக அறிவித்திருந்த ராயபுரம் மெஸ்ஸுக்கே கொதிக்கும் வெயிலில் போய்விட்டாள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனாள். வேர்த்து வழிய உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

“இதக் கொஞ்சம் சாப்ட்டுப் பாரும்மா.”

ரெபேக்கா டப்பாவை வழித்துத் தின்றாள். “ஆன்ட்டி, இப்படி நான் எங்கயுமே சாப்ட்டதில்ல!”

வீடு திரும்பியபோது தணிகாசலம் கண் கலங்க எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு அவ ஒரு நெத்திலிக் கொழம்பு சாப்ட்டா பாரு! எந்த மகராசி வெச்சாளோ! ஒரு நாளாவது நீ அப்படி வெச்சிருக்கியாடி?”

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல மனம் வரவில்லை. அவர் கண் கலங்கிப் புகழ்ந்த அந்த மகராசியின் மேல் அவளுக்குத் தாங்க முடியாத பொறாமையாக இருந்தது.