பீரோவுக்குப் பின்னால்

பீரோ கடைசி அடி நகர மறுத்தது.

பரமானந்தம் அறை வாசலில் நின்றபடி கையை அசைத்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வீட்டுக்காரர். தன் வீட்டுச் சுவரைத் தொட அவருக்கே கூசியது.

வாடகைக்கு இருந்த அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பீரோவின் காலுக்கு அடியில் வைத்திருந்த சாக்கு கிழிந்தது.

சுவர் மறைந்தது.

அதில் படர்ந்திருந்ததைப் பூஞ்சை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. லேசான ஓதம் என்பார். மாடித் தொட்டி ஒழுகுகிறது என்றால், ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுகிறவர்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்பார். போன மழைக்கு அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். பொங்கலுக்குள் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு கறுப்பாக வந்து நின்றது.

அதற்காவது ரோஷம் இருந்தது.

அவள் மகளுக்கு மூச்சிழுப்பு. மருந்து அப்புறம், முதலில் வீட்டை மாற்றுங்கள் என்றார் டாக்டர். அடுத்த ஆள் வந்தால்தான் அட்வான்ஸ் திரும்பும். அது வராமல் வேறு வீடு இல்லை. இதுவரை பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவரைக் கண்டதும் செருப்பைத் தேடினார்கள்.

அதனால் பீரோ. யோசனை அவருடையது. தோள் அவளுடையது.

எல்லாரும் செய்வதுதானே என்றான் அவள் கணவன், ஆபீசிலிருந்து போனில். பெரிய கண்டுபிடிப்பு.

அவர்கள் வந்தார்கள். சின்ன வயதுத் தம்பதி. கணவன் எல்லா சுவிட்சுகளையும் போட்டுப் போட்டு அணைத்தான். எதையோ சோதிக்கிற பாவனை. மனைவி கைக்குழந்தையோடு நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். இந்த ஊரில் வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான்.

"தண்ணி நல்லா வருமாக்கா?"

"வரும்."

"கோடையிலயும்?"

"எப்பவும்."

பொய் இல்லை. இந்த வீட்டில் தண்ணீர் குழாய்க்குக்கூடக் காத்திருப்பதில்லை.

வந்தவள் குழாயைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் பரமானந்தங்கள் வீடு கட்டுகிறார்கள்.

படுக்கையறை. வந்தவளுக்குப் பரணை எட்டிப் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு ஸ்டூலில் ஏறினாள்.

பீரோவை ஒட்டிய ஓரம். மழைக்கு முன்பு வரை மகள் படுத்த இடம்.

குழந்தை வாயை முழுசாகத் திறந்து கொட்டாவி விட்டது.

அவள் அதைத் தூக்கிவிட்டாள்.

ஸ்டூல் மேலிருந்து தலை திரும்பியது. பரமானந்தமும் பார்த்தார்.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான். மகளின் மார்பில் விசில் மாதிரி எழும் சத்தம் ஞாபகம் வந்தது.

"ஃபேன் காத்து நேரா மூஞ்சில அடிக்கும்மா."

ஃபேன் ஓடவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்ல மனசுக்கா உங்களுக்கு," என்றாள் வந்தவள்.

பரமானந்தம் மெல்லத் தலையாட்டினார். அவர் அவளை மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் முறை.

அதன் பிறகு அவள் குழந்தையைக் கீழே விடவில்லை. பாத்ரூம், பால்கனி, மறுபடியும் சமையலறை. தோளில் போட்டுக்கொண்டே கூட நடந்தாள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிக்கொள்ளலாம் என்று பரமானந்தம் வாசலில் அந்தக் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படியருகே, குழந்தையை வாங்க வந்தவள் கையை நீட்டினாள்.

குழந்தை அவள் முந்தானையைப் பற்றியிருந்தது.

வந்தவள் சிரித்துக்கொண்டே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அவள் உதவவில்லை.