மாமன் தாவுகிறான்

காணும் பொங்கல் வெயில் ஏம்பலம் திடலில் சாய்ந்து விழுகிறது. சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் மாமன்மார்களும் அவர்களுடைய அக்கா தங்கை பிள்ளைகளும் ஜோடி ஜோடியாகக் குந்தியிருக்கிறார்கள். தவளைப் பாய்ச்சல் என்றால் இந்த ஊரில் அது தாய்மாமன் ஆட்டம். கல்பனாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அதனால் அவள் மகள் யாழினி கயிற்றுக்கு இந்தப் பக்கம், அம்மாவின் கையைப் பிடித்தபடி நிற்கிறாள். கல்பனாவின் கணவன் ராஜ்மோகன் கோட்டில் இருக்கிறான், தங்கை செல்வகுமாரியின் மகளோடு. சற்று முன்பு புருஷன் பெண்சாதி சாக்கு ஓட்டத்துக்குக் கல்பனா கூப்பிட்டபோது, "முட்டி வலிக்குதுடி, ஆள வுடு" என்று நாற்காலியை விட்டு எழாதவன். விசில் ஒலிக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் தாவுகிறான். புழுதி கிளம்புகிறது, சட்டைப் பையிலிருந்து செல்போன் தெறித்து விழுகிறது, அதைக்கூட எடுக்கவில்லை. "மாமா, இன்னும் வேகமா!" என்று பக்கத்திலேயே தாவுகிறாள் மருமகள். "வுட்டுடாதண்ணே!" என்று குதிக்கிறாள் செல்வகுமாரி. "காதுகுத்துக்கு மடியில வச்சிகின மாமன், இப்ப தவளையாவே ஆயிட்டாருபா!" என்று மைக் சொல்ல, திடலே சிரிக்கிறது. கல்பனாவும் பல் தெரியச் சிரிக்கிறாள். முந்தானை நுனி மட்டும் அவள் விரலில் இறுகச் சுற்றிக்கொண்டே போகிறது. யாழினிக்குப் பொறுக்கவில்லை. கயிற்றைப் பிடித்து எம்பி, "அப்பா! தாவுப்பா!" என்று கத்துகிறாள். கல்பனா அவள் தோளை அழுத்திக் கீழே இறக்குகிறாள். "கத்தாதடி. இப்ப அவரு உங்கப்பா இல்ல, அவளுக்கு மாமன்."